எல்லோரும் சேர்ந்து பின்னிய போர்வை

சோம்பேறிகளைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். சோம்பேறியால் யாருக்கு என்ன கெடுதல்? பாவம், அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடப்பான். இங்கே பேச வந்தது அதற்கு நேர் எதிரான இனத்தைப் பற்றி. நீங்கள் ஏதோ ஒரு வேலையைக் கையில் எடுத்திருப்பீர்கள், இன்னும் சரியாகத் தொடங்கியிருக்கக்கூட மாட்டீர்கள், அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும்; திரும்பிப் பார்ப்பதற்குள் உங்கள் கையிலிருந்த கத்தியோ கரண்டியோ துடைப்பமோ அந்தக் கைக்கு மாறியிருக்கும்; "குடு, நானே செஞ்சிடுறேன்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் அன்பு இருக்கும், தியாகம் இருக்கும், உங்களைப் பெற்றவர்கள் மேல் கொஞ்சம் அனுதாபமும் இருக்கும். உங்களுக்கு நன்றி சொல்லவும் வாய் வராது, சண்டை போடவும் மனசு வராது. ஜெயித்தது யார் என்று கேட்கவும் வேண்டுமா?

இந்த இனம் வீட்டுக்கு ஒன்று உண்டு, அலுவலகத்துக்கு ஒன்று கட்டாயம் உண்டு. நம்முடைய ஆள் இரண்டு இடத்தையும் ஒருவராகவே சமாளித்தார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலோடு சரி. "நானே, நானே" என்று சொல்லிச் சொல்லியே ஊருக்கு அவர் நானேக்கா ஆகிவிட்டார். அவருக்கு அது தெரியும். பட்டம் கொடுத்த மாதிரி பெருமைதான்.

அலுவலகத்தில் டைப்பிஸ்ட் பெண் காகிதங்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்து வைப்பாள். நானேக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார். ஸ்டேப்ளர் பின் ஒரு நூலளவு சாய்ந்திருக்கும். நகத்தால் அதை நெம்பி எடுத்து, காகிதங்களை மேசையில் நாலு தரம் தட்டி, தானே புதிதாக ஒன்று அடித்து, "இப்பப் பாரு" என்பார். அவள் பார்ப்பாள். காகிதத்தில் இப்போது கூடுதலாக இரண்டு ஓட்டைகள் இருக்கும்.

வீட்டில் அவருடைய கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சினை அக்கக்காகக் கழற்றி மாட்டுகிற மனிதர். வீட்டில் ஒரு பல்பு மாற்ற அவருக்கு அனுமதி கிடையாது. மனிதர் என்றாவது மனசு கேட்காமல் பாத்திரம் தேய்த்துவிட்டால், "பரவால்லையே!" என்று வாயாரச் சொல்லி அவரைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சத்தம் வராமல் குழாயை மெல்லத் திறந்து, எல்லாவற்றையும் மறுபடி தேய்ப்பார் நானேக்கா. தேய்த்து முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சொல்வார்: "இந்த வீட்டுல எல்லாத்தையும் நான் ஒருத்தியேதான் இழுத்துக்கிட்டுக் கெடக்கேன். கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆள் உண்டா?" கணவர் தலையை ஆட்டுவார். கல்யாணமான புதிதில் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதையும் நானேக்கா திருத்திச் சொல்லிக்காட்டிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் போர்வை வந்து சேர்ந்தது.

நானேக்காவின் தம்பி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அவர் மனைவிக்கு அந்தக் குடும்பத்தில் சின்னவள் என்று பெயர். அவள் உண்டாகியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள், மாடிவீட்டு டீச்சர், நானேக்காவின் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண் என்று எல்லோரும் கூடியிருந்தபோது, குரோஷா ஊசிகளையும் கலர் கலராக உல்லன் நூல் உருண்டைகளையும் மேசையில் கொட்டினாள்.

"ஆளுக்கு ஒரு சதுரம் போடணும். நல்லா வரணும்னு இல்ல, போட்டாப் போதும். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துப் போர்வையாக்கிடலாம். என் புள்ளைய நீங்க எல்லாரும் சேந்து போத்தி விட்ட மாதிரி இருக்கும்."

"வீட்டுல இருக்கறவங்க எல்லாமா? இவரு கையில ஊசியா?" என்றார் நானேக்கா. இவரு என்றது கணவரை.

"எல்லாரும்தாங்க்கா. எங்கப்பாவுக்கும் குடுத்தாச்சு. சதுரங்களை இணைச்சு ஓரம் போடுறது மட்டும் உங்க பொறுப்பு. அது எங்க யாருக்கும் வராது." பிறகு சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள பொறந்ததும் அந்தப் போர்வைல சுத்தி, முதல்ல உங்க கைலதான் குடுப்பேன்."

நானேக்கா அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். இதைக் கேலி செய்யக் கூடாது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். எத்தனையோ வீட்டுக் குழந்தைகளைக் கடைசி ஆளாக வாங்கிக் கொஞ்சியவர். 'முதல்ல உங்க கைலதான்' என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அன்றிலிருந்து கடைத்தெருவில் நடந்தால்கூட ஒரு கையை லேசாக மடித்து, அதில் ஏதோ இருப்பதைப் போலத்தான் நடந்தார்.

சதுரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தம்பி, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியில் நூலைப் பிடித்திருக்கிறார். அவருடைய சதுரத்தை மேசையில் போட்டால் டொக்கென்று சத்தம் கேட்டது. மாடிவீட்டு டீச்சரின் சதுரத்துக்கு எந்தப் பக்கம் எண்ணினாலும் ஐந்து மூலை. டைப்பிஸ்ட் பெண்ணுடையது கொசுவலை. கணவர் போட்டது ஓரங்களெல்லாம் மேலே எழும்பி, சதுரம் கேட்ட இடத்தில் தொப்பியாக வந்திருந்தது. அவர் அதைத் தலையில் வைத்துக் காட்டினார். நானேக்கா சிரிக்கவில்லை.

கடைசியில் வந்தது சின்னவளின் அப்பாவுடையது. கடைகளுக்குப் போர்டு எழுதிய பெயின்டர் அவர். ஸ்கேல் வைக்காமல் கோடு இழுத்தவர் என்று பேர். நரம்புத் தளர்ச்சி வந்து கை நடுங்கத் தொடங்கியதும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். அதன் பிறகு காப்பித் தம்ளரைக்கூட யார் முன்னாலும் தூக்குவதில்லை. அப்படிப்பட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு, போட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஒரு நீலச் சதுரத்தைப் போட்டுமுடித்து, செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் குட்டை. நடுவில் ஒரு மேடு. கண்ணிகள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

நானேக்கா எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பிவைத்துப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒன்றோடொன்று சேராதுதான். அளவு ஒத்துவராத சதுரங்களை இணைத்தால் சுருக்கம் விழும், ஓரம் கோணும். இரண்டு வரிசை கூட்டியோ குறைத்தோ ஒப்பேற்றலாம். கை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நானேக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தார். 'ஓரத்த மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடுவோம்.' இந்த இனம் ஊரில் கெடுத்த காரியங்கள் எல்லாமே 'கொஞ்சம்' என்றுதான் ஆரம்பித்திருக்கின்றன.

குரோஷாவில் ஒரு விசேஷம் உண்டு. முழுச் சதுரமும் ஒரே நூல்தான். கடைசி முடிச்சை அவிழ்த்து முனையைப் பிடித்து இழுத்தால் போதும், அத்தனை நாள் உழைப்பும் ஒரு தும்மல் போடுகிற நேரத்தில் நூலாகி மடியில் விழும். மாடிவீட்டு டீச்சர் முதலில் விழுந்தார். அடுத்தது தம்பி, அவர் இறுக்கத்துக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. தொப்பி போனது. கொசுவலை போனது. நீலச் சதுரத்தை எடுத்தபோது கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அத மட்டும் விட்டுடு."

"கோணலா இருக்குங்க."

"அந்த மனுஷன் கை நடுக்கத்தோட போட்டது."

"அதனாலதாங்க சொல்றேன். நாளைக்கு நாலு பேரு பாத்துச் சிரிச்சா யாருக்கு அவமானம்? அவருக்குத்தானே? எனக்கென்ன, அவருக்காகத்தானே மெனக்கெடறேன்!"

கணவர் மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார். நானேக்காவின் கை ஒரு கணம் நிற்கத்தான் செய்தது. பிறகு இழுத்தார்.

பிரித்த நூல் சொன்னபடி கேட்கவில்லை. கிழவர் போட்ட கண்ணிகளின் வளைவு அப்படியே நூலில் நின்றது. புதிதாகப் பின்னினாலும் பழைய மேடே எட்டிப் பார்த்தது. விடுவாரா நானேக்கா? வெந்நீரில் முக்கி, உதறி, கொடியில் போட்டு, கீழே கனத்துக்கு ஒரு பூட்டையும் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் நூல் நேராகிவிட்டது. அந்த நூலை யாரும் தொட்டதற்கான அடையாளமே இல்லை.

போர்வை அழகாக இருந்ததா? இருந்தது. பொய் சொல்லக் கூடாது. சதுரங்களெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி, வெள்ளை நூலில் சுற்றிலும் சிப்பி சிப்பியாக ஓரம், சிப்பிக்குச் சிப்பி ஒரு குட்டி முடிச்சு, மூலை திரும்புகிற இடத்தில்கூட ஒரு சுருக்கம் கிடையாது. கடைக்காரன் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருப்பான். அத்தனையையும் போட்டுமுடித்துவிட்டு நானேக்கா கணவரிடம், "பேருக்குத்தான் எல்லாரும் சேந்து. கடைசில யார் தலைல விழுந்துச்சு, பாத்தீங்களா?" என்றார்.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. போர்வையைத் தம்பி வீட்டுக் கூடத்தில் விரித்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "எல்லாம் ஒரே கை போட்ட மாதிரி இருக்கே!" என்றார் டீச்சர். நானேக்கா அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். டீச்சர் நடுவில் இருந்த மஞ்சள் சதுரத்தைத் தொட்டு, "இது நான் போட்டது. நெனச்சதவிட நல்லாவே வந்திருக்கு" என்றார். டைப்பிஸ்ட் பெண், "இல்ல டீச்சர், அது என்னோடது" என்றாள். தம்பி இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, "மஞ்ச நூல் வாங்கினதே நான்தான். என் பிடி எனக்குத் தெரியாதா?" என்று அதே சதுரத்தில் உரிமையோடு கையை வைத்தார். தொப்பி போட்ட மனிதர் மட்டும் எதையும் கேட்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சின்னவளின் அப்பா சோபாவில் உட்கார்ந்து போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கை நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது; அன்றைக்கு அவர் மறைக்கவில்லை. நீலச் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தடவினார், பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

"உங்களோடது எதுப்பா?" என்றாள் சின்னவள்.

"என்னுது இதுல இல்லம்மா."

"இருக்கும்ப்பா, நல்லாப் பாருங்க."

"என்னுதுல நடுவுல ஒரு மேடு இருக்கும். தடவுனாத் தெரியும்." அவர் சிரிக்கப் பார்த்தார். "கோணலாத்தானே இருந்துச்சு. சேக்க முடிஞ்சிருக்காது. அதனால என்ன, போர்வை நல்லா இருக்கு."

நானேக்காவுக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தேற்ற வேண்டாமா? "ஐயோ, இருக்கு மாமா! அந்த மூலைல பாருங்க. உங்க நூல்தான். கொஞ்சம் பிரிச்சுச் சரி பண்ணியிருக்கேன், அவ்வளவுதான்."

"கொஞ்சம்னா?" என்றாள் சின்னவள்.

மஞ்சள் சதுரத்தின் மேலிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

"அப்ப எல்லாமே நீங்க போட்டதாக்கா?" என்றாள் சின்னவள்.

பாராட்டு என்று நினைத்துக்கொண்டு நானேக்கா தலையை ஆட்டிவிட்டார்.

சின்னவள் சண்டை போடவில்லை. "ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாள். போர்வையை மூலைக்கு மூலை மடித்து, பீரோவின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஒரு பொருளை அழகாக இருக்கிறது என்று சொல்லி மேல்தட்டில் வைத்தால் என்ன அர்த்தம் என்று குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். நானேக்கா மட்டும், 'பத்திரப்படுத்துறா' என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே வீடு திரும்பினார்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரி அறைக்குள் நானேக்கா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வளையலைக் கழற்றி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நுழைந்தார். குழந்தை ஆஸ்பத்திரித் துணியில் இருந்தது. போர்வை எங்கே என்று கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் சின்னவள், "அப்பா, இப்படி உக்காருங்க. மடில தலகாணி வச்சுக்குங்க" என்றாள்.

"பெரியவருக்குக் கை ஆடுதேம்மா" என்றாள் நர்ஸ்.

"ஆடட்டும் சிஸ்டர். குடுங்க."

குழந்தை கிழவர் மடிக்குப் போனது. கை நடுங்கியது, கன்னம் நடுங்கியது, மனிதர் மொத்தமாகவே நடுங்கினார். ஆனால் பிடி விடவில்லை. நானேக்காவின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு தம்பி வாங்கினார். பிறகு டிப்போ மெக்கானிக் வாங்கி, எஞ்சினைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார், அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் குழந்தை நானேக்காவிடம் வந்தது. வழக்கம்போலக் கடைசியில்.

வந்ததே போதும் என்று அவருக்குக் கண் நிறைந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் இருக்குமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"துணிய யாரு இப்படி லொடலொடன்னு சுத்தினது?" என்றபடி கட்டிலில் கிடத்தி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நான்தாங்க்கா" என்றாள் சின்னவள். கையை நீட்டினாள். "எங்கிட்ட குடுங்க."

நானேக்கா அவள் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, கையிலிருந்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுக் கொடுத்தார். பிறகு அந்த அறையில் அவர் செய்வதற்கு எதுவுமே இருக்கவில்லை.

ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். சரி. ஆனால் ஒன்று. படித்துக்கொண்டு வரும்போதே, 'அந்தப் பெயின்டரை இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம்', 'இந்த இடத்தை இவ்வளவு இழுத்திருக்க வேண்டாம்', 'முடிவை நான் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்' என்று உங்களுக்கு எங்கேயாவது தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து கொஞ்ச நாளைக்கு யார் வீட்டுக் குழந்தையையும் தூக்கப் போகாதீர்கள்.