பெருக்கல் அக்காவும் ஜன்னலோரக் கட்டிலும்

சென்னையில் போக்கர் கற்றுக்கொண்டவர்களிலேயே அதிக தூரம் நடந்தவள் எங்கள் பெருக்கல் அக்காதான். உட்கார்ந்தால் அவளுக்குக் கணக்கு வராது. கையில் சீட்டோடு கட்டிலுக்கும் கதவுக்குமாக நடப்பாள்; வாய் பெருக்கிக்கொண்டே இருக்கும். மயிலாப்பூர் லேடீஸ் ஹாஸ்டலில் அவள் பேரே அதுதான். புதிதாக வந்த பெண்கள் பேரைக் கேட்டுவிட்டு, "எங்க ரூமையும் கொஞ்சம் பெருக்கிடுங்க" என்று சொன்னதுண்டு.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிற வேலை. செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து போக்கர் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அறையில் இருந்த என்னையும் செல்வியையும் விடவில்லை. காசுக்குப் பதில் வறுத்த கொண்டைக்கடலை.

"நடுவுல பொதுச் சீட்டு இன்னும் ரெண்டு திறக்கணுமா? உனக்கு உதவுற சீட்டு எத்தனை மிச்சம்னு எண்ணு. நாலால பெருக்கு. நூத்துக்கு அத்தனை வாய்ப்பு!"

பெருக்கிப் பெருக்கியே ஒரு வாரம் தோற்றாள். ஒரு விடியற்காலை எங்களை உலுக்கி எழுப்பினாள். "ஒரு சீட்டுதான் பாக்கின்னா ரெண்டால பெருக்கணுமாம்டி! நான் அதுக்கும் நாலால பெருக்கியிருக்கேன்!"

சிந்தாதிரிப்பேட்டைக்காரி செல்வி, "இன்னாக்கா, இதுக்கா எழுப்புனே? வூடு பத்திக்கிச்சோன்னு பயந்துட்டேன்" என்று திரும்பிப் படுத்தாள்.

சித்திரையில் எங்கள் அறையின் நாலாவது ஆளான ஜன்னலோரக் கட்டில்காரிக்குக் கல்யாணமாகி இடம் காலியானது. மூவருக்கும் அது வேண்டும். வேர்க்குருவில் நெளிந்த அக்காவுக்கு ரொம்பவே வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம். சாப்பாட்டு மணி அடிக்கும்போது யாரிடம் கடலை அதிகமோ அவளுக்குக் கட்டில்.

செல்வி பாதிக் கடலையைத் தின்றே தோற்றாள். மிச்சம் நானும் அக்காவும். என்னிடம் ஒரு ஜோடி ராஜா. இன்னும் ஒரே ஒரு சீட்டு திறக்க வேண்டும். நடுவில் ஒரு பிடி கடலை கிடந்தது. நான் இன்னொரு பிடி வைத்தேன். ஆட்டத்தில் நிற்க அவளும் ஒரு பிடி வைக்க வேண்டும்.

அக்கா எழுந்து நடக்க ஆரம்பித்தாள். "நாலு ஆட்டின் வந்தாச்சு. அஞ்சாவதும் அதே இனமா வந்தா எந்த ஜோடியையும் அடிச்சுடலாம், நான்தான் ஜெயிப்பேன். மிச்சம் ஒம்பது ஆட்டின், ரெண்டால பெருக்கினா பதினெட்டு. ரெண்டு பிடிக்காக ஒரு பிடி போடணும்னா நூத்துக்கு முப்பத்திமூணாவது வேணுமே..."

"கைல கீறத இப்டியா கத்துவே!" என்றாள் செல்வி.

அக்கா சீட்டைக் கவிழ்த்தாள். "விட்டுட்டேன்."

செல்விக்குப் பொறுக்கவில்லை. கடைசிச் சீட்டைத் திருப்பினாள். ஆட்டின் ஏழு!

அடுத்த ஆட்டத்துக்குக் கலைப்பதற்குள் மணி அடித்தது; நடுவில் கிடந்ததும் சேர்ந்து என்னிடம்தான் கடலை அதிகம். கோயிலுக்குப் போகிற அவசரத்தில் வார்டன் அன்றைக்குச் சீக்கிரமே அடித்துவிட்டார்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அக்கா குதித்தாள். "பாத்தீங்களாடி! விட்டதும் சரி, ஆட்டின் வந்ததும் சரி. நூத்துல பதினெட்டு தடவை வந்துதானே ஆகணும்!"

"கட்டில் பூட்ச்சுக்கா!"

"போகட்டும்டி. இன்னிக்குத்தான் ஒரு தப்பும் இல்லாம ஆடினேன்!"

தோற்ற சந்தோஷத்தில் என் படுக்கையை அவளே தூக்கி ஜன்னலோரம் போட்டாள்.

இப்போது நங்கநல்லூரில் தனி வீடு எடுத்துப் போய்விட்டாள். மயிலாப்பூரிலிருந்து ரெண்டு பஸ் மாற வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போகாமல் இருந்ததில்லை.