டப்பிங் வாயை மூடியிருந்த வெள்ளிக்கிழமை

வளைகுடாவில் இருக்கிற அத்தனை லேபர் கேம்ப்களையும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் டப்பிங்கைப் போல ஒரு கிறுக்கன் அகப்பட மாட்டான். முவைலா கேம்ப்பில் ஆறு பேர் படுக்கிற ரூம் எங்களுடையது. அவன் ஏசி மெக்கானிக். சொந்தப் பெயரைச் சொன்னால் திரும்ப மாட்டான். டப்பிங் என்றால் திரும்புவான்.

எல்லாம் ஒரு ஊமைப்படத்தால் வந்தது. எங்கிருந்தோ ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தான். நூறு வருஷத்துப் பழசு. புதிதாகக் கல்யாணமான ஜோடி. சண்டை வரும், பெண்டாட்டி கதவைச் சாத்திக்கொள்வாள், புருஷன் ஜன்னல் வழியாக ஏறி விழுவான். அவ்வளவுதான் கதை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டு ரூம் டிவியில் அதைப் போடுவான். இரண்டு பேருக்கும் இவனே தமிழ் பேசுவான்.

புருஷன் பேசினால் சிரிப்பு வரும். பெண்டாட்டி பேசினால் முதுகு சில்லிடும். எங்கள் மீசைக்காரத் தடியன் டப்பிங்கின் வாயிலிருந்து பிசிறே இல்லாமல் ஒரு பெண் பேசினாள். கண்ணில் மை அப்பிய வெள்ளைக்காரி திரையிலிருந்து எங்களை நேராகப் பார்த்து, "பெருமாண்ணே, சுகர் மாத்திர போட்டீங்களா?" என்பாள். ரூமிலேயே மூத்தவரான பெருமாள் நடுங்கிக்கொண்டே மாத்திரையை விழுங்குவார். புதிதாக வந்த ஒருத்தன் மறுநாளே வேறு ரூம் கேட்டு ஓடிவிட்டான்.

அது செல்வியின் குரல். விழுப்புரம் பக்கத்தில் இருக்கிற அவன் பெண்டாட்டி. அவளைக் கேட்காமல் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே வேலை செய்யக் கையெழுத்துப் போட்டுவிட்டான், மடையன். அன்றிலிருந்து ஐந்து மாதமாக அவள் பேசவில்லை. வீடியோ கால் மட்டும் எடுப்பாள். எதிரே உட்கார்ந்து இமை அசையாமல் பார்ப்பாள், அரை மணி நேரம். அதற்கு வெள்ளைக்காரியே தேவலாம்.

"ஒரே ஒரு வார்த்த பேசு செல்வி. திட்டவாச்சும் செய்யி" என்று கெஞ்சுவான்.

எனக்கு எரியும். "லீவ் எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போய்த் தொலையேண்டா!"

"பேசாதவ முன்னாடி எந்த மூஞ்சியோட போய் நிக்கிறதுண்ணே?"

ஒரு வெள்ளிக்கிழமை கால் போட்டு, அவளும் படத்தைப் பார்க்கட்டும் என்று போனைத் தண்ணீர் கேனில் சாய்த்து வைத்தான். வழக்கம் போல அவள் பேசவில்லை. படம் ஓடியது. கதவு சாத்தும் இடம் வந்தது.

"நீ இல்லாட்டியும் நான் நல்லாத்தான் இருப்பேன். போ" என்றது டப்பிங்கின் பெண்குரல்.

அதே குரல் மறுபடி வந்தது: "நான் எப்போ அப்பிடிச் சொன்னேன்?"

திரும்பிப் பார்த்தோம். டப்பிங்கின் வாய் மூடியிருந்தது. திரையில் வெள்ளைக்காரியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பெருமாள் என் கையைப் பிடித்தார்.

"டேய், அவன் பேசலடா…"

"என்னால அப்பிடி இருக்க முடியாதுய்யா" என்றது குரல். உடைந்து அழுதது.

அழுகை போனிலிருந்து வந்தது. டப்பிங் கேனைத் தட்டிவிட்டுப் பாய்ந்தான். ரூம் முழுக்கத் தண்ணீர். துடைத்தது நான்தான்.

மூன்றாவது வாரம் லீவில் போனான். இனிமேல் வரப் போவதில்லை என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினான். நல்லது, தொல்லை விட்டது. அவன் திரும்பவே கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டிலில் வேறொருத்தனைப் போட வந்த கேம்ப் பாஸிடம், "ஆள் வருவான், போய்யா" என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.