எடையில்லாத கேமராவுக்கு வைத்த முத்திரை

துலும்,
வியாழக்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஃபெர்மின் அவர்களுக்கு, எடை அளவைத் துறையின் ஓய்வுபெற்ற ஆய்வாளரும் தங்கள் அக்காள் கணவனுமான அபுந்தியோ கானுல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கடந்த செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு, சாதக பாதகங்களை நன்கு சீர்தூக்கிப் பார்த்து, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, தங்கள் கேமராவுக்கு ஈய முத்திரை ஒன்றை வைப்பது என்று முடிவெடுத்தேன். அந்த நேரத்தில் வீட்டில் அனைவரும் நலமாக இருந்தோம். இப்போதும் நலம். இடையில் ஐம்பத்திரண்டு நிமிடங்கள் மட்டும் அப்படிச் சொல்வதற்கில்லை. மெரிதா மருத்துவமனையில் தங்கள் மணிக்கட்டுக் கட்டைப் பிரித்துவிட்டார்களா என்று தங்கள் அக்காள் கசில்தா கேட்கிறாள். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம்; ஆனால் தொலைபேசியில் நீங்கள் பதில் பேசுவீர்கள்.

அறுவை சிகிச்சைக்குக் கிளம்பும்போது, "கேமராப் பெட்டி கட்டிலுக்கு அடியிலயே கிடக்கட்டும் அத்தான், தொடாதீங்க" என்று தாங்கள் சொன்னது என் நினைவில் இருக்கிறது. நான் மறதிக்காரன் அல்ல. ஆனால் அந்த மணிக்கட்டு எதனால் கெட்டது என்று மருத்துவர் சொன்னதும் நினைவில் இருக்கிறது. அந்த அலுமினியக் கூடு, அதன் நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் கை நீட்டி நிற்கும் விளக்குகள் எல்லாம் சேர்ந்து தண்ணீருக்குள் தலை கவிழ்ந்துகொண்டே இருக்க, அதைப் பதினைந்து வருடம் ஒரு மணிக்கட்டு தூக்கி நிறுத்தியிருக்கிறது. தண்ணீருக்குள் ஒரு பொருளின் எடை பூச்சியம் ஆகும்வரை மிதவை கட்டலாம் என்பதும், அப்படிக் கட்டினால் அது விட்ட இடத்தில் நிற்கும், கை வலிக்காது என்பதும் தங்களிடம் முக்குளிக்கக் கற்று இப்போது வழிகாட்டியாக இருக்கும் என் மகள் நோயெமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருடம் சந்தை சந்தையாகப் போய்த் தராசுகளைச் சோதித்தவன் நான். பூச்சியம் காட்ட வேண்டிய தராசு பூச்சியம் காட்டிப் பார்த்ததே அபூர்வம். பூச்சியமே எடையான ஒரு பொருளைச் செய்ய முடியும் என்றால், கட்டிலுக்கு அடியில் அதை எப்படி விட்டுவைப்பது?

கொல்லைத் தண்ணீர்த் தொட்டியில் பதினொரு நாள் வேலை நடந்தது. வில் தராசில் மாட்டி உள்ளே இறக்கினேன். நானூற்று முப்பது கிராம். தங்கள் பெட்டியில் இருந்த மிதவைகளில் இரண்டை விளக்குக் கைகளில் மாட்டினேன், முப்பது கிராமாகக் குறைந்தது. தேன் சாடியின் தக்கையை அறுத்து மூக்கின் அடியில் கட்டினேன். தலை கவிழ்வது நின்றது, வால் கவிழ்ந்தது. மிதவையை ஒரு விரற்கடை முன்னே தள்ளினால் வானத்தைப் பார்த்தது, அரை விரற்கடை பின்னே இழுத்தால் தரையைப் பார்த்தது. இந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறோம் என்று கசில்தா முதல் வாரம் சொன்னாள். இரண்டாம் வாரம் எலுமிச்சைச் சூப்பை எனக்கு மட்டும் வைக்காமல் விட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் கேமராவைத் தொட்டியின் நடுவில் விட்டுவிட்டுப் பலகாரம் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் விட்ட இடத்திலேயே, விட்ட மாதிரியே, எதையும் தொடாமல் நின்றுகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அப்போதே அதை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் சோதனையில் தேறிய கருவிக்கு முத்திரை வைக்காமல் அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை. ஓய்வு பெற்றபோது முத்திரைக் குறடு ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். கம்பி கோத்து, ஈயத்தை நசுக்கி, பதினொன்று இருபதுக்குத் தங்கள் கேமராவின் வலது காதில், அதாவது வார் மாட்டும் வளையத்தில், முத்திரை வைத்தேன். நோயெமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, அது எவ்வளவு எடை?"

"எது?"

"அந்த ஈயம்."

முத்திரை என்பது அதிகாரம், அதற்கு எடை போடும் வழக்கம் எங்கள் துறையில் கிடையாது என்று விளக்கினேன். அவள் தொட்டியை மூடப் போய்விட்டாள். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

இன்று அவளுக்கு விடுமுறை. தண்ணீர் தெளிவாக இருக்கும், கேமராவை ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று தோன்யா மிர்னா அம்மாளின் செனோத்தேக்குக் கூட்டிப்போனாள். எனக்கு நீந்தத் தெரியாது என்பதும், அந்த மாதிரிச் சுண்ணாம்புக் கல் தண்ணீர்க் குழிகளின் விளிம்புக்கே நான் போகமாட்டேன் என்பதும் தங்களுக்குத் தெரியாதது அல்ல. மரப்பலகை மேடையில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நுழைவுச் சீட்டுக் கிழிக்கும் மிர்னா, பூசணி விதையை உரித்துக்கொண்டே, குழிக்காரர்களிடம் அனுமதி கேட்டீர்களா என்று விசாரித்தாள். அதாவது அலூஷ்கள், அந்த இடத்துக்குச் சொந்தக்காரக் குட்டி ஆட்கள். நான் வாழ்நாள் முழுக்க அனுமதி வழங்கியவன், கேட்டுப் பழக்கமில்லை என்றேன். அவள் இன்னொரு விதையை உரித்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு நோயெமி இறங்கினாள். மேடைக்கு நேர் கீழே, எனக்குத் தெரியும் ஆழத்தில், கேமராவை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நின்றது மச்சான். நான் பத்துவரை எண்ணினேன். அதற்குப் பிறகு அரசாங்கக் கோப்பு கீழிறங்குவது போல, அவசரமே இல்லாமல், இறங்க ஆரம்பித்தது. மேலே நின்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். இறங்குவது கேமராதான். அவள் பின்னாலேயே போனாள். ரெண்டு பேரும் பாறை விளிம்புக்கு அடியில போனாங்க. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அப்புறம் குமிழியும் வரலை.

அந்தப் பாறைக்கு அடியில் தொடங்கும் குகை எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகையை அங்கே நட்ட ஆட்களில் நீங்களும் ஒருவர். ஒற்றையாகப் போகக் கூடாது என்பது நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி. முதுகில் கட்டிய உருளை நிறையக் காற்று இருந்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மிர்னாவிடம் கேட்டேன். அது மூச்சு விடுகிறவரைப் பொறுத்தது என்றாள். பயந்தால் சீக்கிரம் தீரும் என்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. மகளே போகிறாள், கேமராவுக்காகப் போகிறாள், என் பூச்சியத்துக்காகப் போகிறாள் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்க, என் கால்கள் மேடையின் படியில் இரண்டு இறங்கித் தண்ணீர் பட்டதும் நின்றுவிட்டன. அதற்கு மேல் அவை என் பேச்சைக் கேட்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மிர்னா பார்த்தாள்.

இருபதாவது நிமிடத்தில் அவள் என் பக்கம் வந்து உட்கார்ந்தாள். இருபது வருடத்துக்கு முன்னால் சந்தையில் அவளுடைய தக்காளித் தராசைப் பறிமுதல் செய்தவன் நான். அதை அவள் மறக்கவில்லை.

"பத்து கிராம் வித்தியாசம்னு தூக்கிட்டுப் போனீங்க ஐயா. பத்து கிராம்ல யாரு செத்துட்டாங்க, சொல்லுங்க?"

கடிகாரத்தைத் திரும்பப் பார்த்தேன். பிறகு அவளே எழுந்துபோய், சுரைக்குடுக்கையில் சோளக் கஞ்சியைக் கொண்டுவந்து, குழிக்காரர்களுக்கு என்று என் கையில் கொடுத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன். பாறை ஓரத்தைக் காட்டினாள். வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "கேக்கறது மட்டும் கேளுங்க, உத்தரவு போடாதீங்க" என்றாள். கேட்டேன் மச்சான். மூன்று தரம் கேட்டேன். துறைக்கு விண்ணப்பம் எழுதும் மொழிதான் எனக்கு வந்தது, அவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஒன்று முப்பத்திரண்டுக்குக் குமிழி வந்தது.

அவள் சொன்னது இதுதான். அந்தக் குழியில் மேலே நல்ல தண்ணீர், பதினான்கு மீட்டருக்குக் கீழே கடலிலிருந்து வந்த உப்புத் தண்ணீர். இரண்டும் சேரும் இடம் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கலங்கித் தெரியும், எதுவும் உருவமாகத் தெரியாது. உப்புத் தண்ணீர் கனமானது, அதனால் பொருளைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும். நல்ல தண்ணீரில் மூழ்கிய கேமரா, அந்தக் கலங்கலில் போய் அலமாரித் தட்டில் வைத்தது போல நின்றிருக்கிறது. நின்றபடியே, கடலுக்குப் போகும் நீரோட்டத்தோடு குகைக்குள் நகர்ந்திருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்ததால்தான் கண்ணில் பட்டதாம். பலகையைத் தாண்டினாயா என்று கேட்டேன். தலைமுடியைப் பிழிந்துவிட்டு, கேமராவின் காதிலிருந்து எதையோ அறுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க, உங்க அதிகாரம். வீட்டுக்குப் போலாம்பா."

வீட்டுக்கு வந்து எடை போட்டேன். பன்னிரண்டு கிராம்.

ஆகவே மைத்துனர் அவர்களே, கீழ்க்கண்டவற்றைத் தங்கள் முன் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். மிதவைகளையும் தக்கையையும் கழற்றி, கேமராவைத் தாங்கள் வைத்த விதமாகவே பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த முத்திரைக் குறடு இருந்ததே, அதைக் கசில்தா எங்கோ புதைத்துவிட்டாள். இனிமேல் குகைக்குள் போவதில்லை என்று நோயெமியிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். வாய் நிறையப் பனுச்சோ பலகாரம் இருந்ததால் அவளால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது, அது சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். நான் என்னைப் பொறுத்தவரை, குளிப்பதற்கான வாளி ஒன்றைத் தவிர, உயிருள்ளவரை வேறெந்தத் தண்ணீரின் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

தங்கள் மணிக்கட்டு பழைய பலத்தோடு திரும்பட்டும். அது என் கன்னத்தைத் தேடி வராதிருக்கட்டும். கசில்தா இத்துடன் தன் ஆசியையும், பக்கத்து வீட்டார் தங்கள் விசாரிப்பையும் அனுப்புகிறார்கள்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
அபுந்தியோ கானுல்

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. தபாலில் போடுவதற்குள் ஒரு விஷயம். திரும்பும் வழி தெரிய நோயெமி இழுத்துப்போன நூல் கயிற்றுச் சுருள் குகைக்குள்ளேயே கிடக்கிறதாம், அப்படி விட்டுவைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு ஆபத்தாம், திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போய் எடுக்கப் போகிறாளாம். உள்ளே என்றால் பலகைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டேன். பாத்திரம் கழுவப் போய்விட்டாள். யார் கூட வருகிறார்கள் என்று கேட்டேன். பார்த்துக்கலாம் என்றாள். தங்கள் முக்குளிப்பு விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். புதிதாகக் கற்கும் ஒருவர் கூட இருந்தால், வழிகாட்டி அவரைத் தனியே விட்டுவிட்டுப் பலகையைத் தாண்டக் கூடாது என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை அவளிடம் புதிதாகக் கற்கப் போகிறவன் நான்; நூல் சுருள், தாங்கள் வரும்வரை அங்கேயே இருக்கும். நேற்று என்னைத் தொட்டியில் இறக்கி நிறுத்திப் பார்த்தாள். மிதக்காமல் நிற்க எனக்கு ஆறு கிலோ ஈயம் தேவைப்பட்டது. முத்திரை வைக்கவில்லை.