பகல் தூக்கத்துக்கு ஒரு வாசக்கால்

'டர்ர்ர்...'

கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவேன், தேங்காய்ச் சட்னி. அடுத்து 'ணங்' என்று ஒரு தட்டு விழுந்தது. அதற்கும் அடுத்து, படுத்திருந்த என் காலைத் தாண்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிரபாவதி போகிற கொலுசுச் சத்தம்.

நான் திருத்தணி ஸ்டேஷன் பக்கத்து வண்டி ஸ்டாண்டில் இரவுக் காவல். ஊர் தூங்கும்போது நான் முழித்திருக்கிறேன். நான் தூங்கும்போது மட்டும் ஊருக்கே என் வீட்டு ஹாலில் வேலை வந்துவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

அன்று எழுந்து உட்கார்ந்து பிரகடனம் செய்தேன்.

"அனுசுயா, பின்னால சாமான் ரூமைக் காலி பண்ணப் போறேன். கதவு வெச்சி, ஜன்னலப் பலகையால அடைச்சி, இனிமே அதுலதான் தூங்குவேன்."

"ஆங், பண்ணுங்க," என்றாள் என் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் இவ்வளவு சுருக்காகச் சம்மதித்ததில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். தூக்கக் கலக்கம்.

புது மரம் கூடாது, இடித்த வீட்டு மரம்தான் என்று முடிவெடுத்தேன். வெயிலும் மழையும் பார்த்த மரம் வளையாது. நானும் நிறையப் பார்த்தவன்தான், எனக்கு என்னவோ முதுகு வளைந்துவிட்டது.

ஆர்.கே.பேட்டை ரோட்டில் பக்தவச்சலத்தின் பழைய மரக்கடைக்குப் போனேன். அனுசுயாவும் கூடவே வந்தாள். பொதட்டூர்பேட்டைப் பக்கம் இடித்த வீடுகளின் உத்தரமும் ஜன்னலும் மலையாகக் கிடந்தன. சுவரோரம் கதவோடு ஒரு தேக்கு வாசக்கால். மேல்கட்டையில் இரண்டு யானைகள் தண்ணீர் ஊற்ற, நடுவில் லட்சுமி.

"எத வேணா வாங்குங்க. இது மட்டும் வாணாம்," என்றாள் அனுசுயா.

"ஏன் வாணாம்?"

"நம்ம மூஞ்சிக்கு இது எதுக்கு? அந்த வேப்பமரக் கதவு போதும்."

"அக்கா சொல்றது கரெக்ட், பாவா," என்று என்னை அக்கா புருஷனாக்கிச் சொன்னான் பக்தவச்சலம். "இது பெரிய மனுசங்க வீட்டுச் சரக்கு. உங்களுக்கு ஒத்து வராது."

பெரிய மனுசங்க. அந்த வார்த்தை நேராக நெஞ்சில் இறங்கியது. "வண்டியில ஏத்துய்யா," என்றேன்.

வழியெல்லாம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் மேளதாளம்.

போனைப் பார்த்தே தச்சு வேலை கற்றுக்கொண்டேன். துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். யானைக் காதுக்குள் இருந்த பெயின்ட்டைக் குச்சியால் குடைந்து எடுத்தேன். மிஞ்சிய பலகையில் ஓர் அலமாரியும் தட்டினேன், என் தண்ணீர்ச் சொம்புக்கு. தூங்குவதற்கு ஓர் அறை வேண்டுமென்று, தூங்க வேண்டிய பகலையெல்லாம் அதற்கே கொடுத்தேன்.

வாசக்கால் நிறுத்துகிற நாள். இரண்டு குத்துவிளக்கை என்னைத் தேய்க்கச் சொன்னாள் அனுசுயா. ஒன்றை முடிப்பதற்குள் கொத்தனார் வந்துவிட்டார். அனுசுயா வாசக்காலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நவதானியத்தைத் துணியில் முடிந்து கட்டினாள். தெருப் பெண்கள் வந்து சூடம் காட்டினார்கள். புருஷன் தூக்கத்துக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கே கண் கலங்கியது. எல்லோருக்கும் ஓடி ஓடிக் காப்பி கொடுத்தேன்.

கூட்டம் கலைந்ததும் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போறீங்க?"

"தூங்க."

"அந்த வாசலுக்குள்ளயா? லட்சுமிக்கு நேரா காலை நீட்டிகினு படுப்பீங்களா?"

"அப்ப தலைய வாசப்பக்கம் வெச்சிக்கிறேன்."

"கால் சாமி படத்துல இடிக்கும்."

"உள்ள ஏது சாமி படம்?"

எட்டிப் பார்த்தேன். முருகன், வெங்கடாசலபதி, அவள் அம்மா வீட்டுக் குலதெய்வம் எல்லோரும் எனக்கு முன்னாலேயே குடிவந்துவிட்டார்கள். அதுவும் என் சொம்புக்கு நான் தட்டிய அலமாரியில்.

"பூஜை ரூம் கேட்டப்பல்லாம், நமக்கு எதுக்கு அதெல்லாம்னீங்களே," என்றாள்.

வாயைத் திறப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது. பக்தவச்சலம், கையில் பூவோடு.

"அக்கா, நல்லா அமைஞ்சிபோச்சு. எத்தினி பேரு கேட்டாங்க தெரியுமா? அக்கா சொல்லி வெச்சதாச்சேன்னு தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தேன்." என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "நானும் வாணாம்னு சரியாத்தான சொன்னேன்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. மலை மேல் இருக்கிற முருகனுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"ரெண்டு பேரும் சேந்துகினு என்னை ஏமாத்தியிருக்கீங்க. என் தலையில கட்டிட்டீங்க. நான் என்ன..."

"நான் வாணாம்னுதானங்க சொன்னேன்," என்றாள் அனுசுயா. "நீங்கதான் கேக்கல."

பக்தவச்சலம் பூவைக் கொடுத்துவிட்டு நைசாக நழுவினான். கொல்லைக் குழாயடியில் தேய்க்காமல் விட்ட இன்னொரு குத்துவிளக்கு அப்படியே கிடந்தது. பாயை ஓரமாகச் சாத்திவிட்டு உட்கார்ந்து, புளியை எடுத்தேன்.