உறையை வெளிச்சத்தில் காட்டியது குறித்து

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமாக இருப்பதை இன்று காலை நீங்கள் படியேறும்போது கண்ணாலேயே பார்த்தேன். இதைப் படித்து முடித்த பிறகும் அவ்வாறே இருக்க வேண்டும். நீங்கள் மாடியில் ஆராய்ச்சி அறையிலும் நான் கீழே மருந்து கொடுக்கும் ஜன்னலிலும் இருக்கையில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேர்ல வந்தா நாக்கு ஒட்டிக்குது மாப்பிள்ளை. மூணு தடவை படியேறி, மூணு தடவையும் "டீ சொல்லட்டுமா"ன்னு கேட்டுட்டு இறங்கிட்டேன். விஷயம் இருமல் மருந்து பத்தினது. திங்கட்கிழமை கமிட்டி முன்னால நீங்க சொல்லப்போற கணக்கு தப்பு. தப்பு என்னோடது.

இந்த வேலையைக் குடுக்கும்போது, "முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸ்ல உறை பிரிச்சு அடுக்கின கை மாமா, உங்களை விட்டா நம்பிக்கையான ஆள் கிடையாது"ன்னீங்க. ஆள் வந்தா, வரிசையில மேல இருக்கிற ஒட்டின உறையைக் கிழிக்கணும்; சிவப்புச் சீட்டு இருந்தா சிவப்பு மூடி பாட்டில், நீலச் சீட்டுன்னா நீல மூடி. ஒண்ணுல மருந்து, இன்னொண்ணுல ருசி மட்டும் சேர்த்த சும்மா தண்ணி. எதுல எதுன்னு இருமுறவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அன்னிக்கே உங்களைக் கேட்டேன். மூணு பேருக்கும் தெரியாம ஒரு வைத்தியமா? நீங்கதான் பொறுமையா விளக்கினீங்க. அந்தக் காலத்துல காய்ச்சல்னு வந்தவன் ரத்தத்தைக் கிண்ணம் கிண்ணமா வடிச்சாங்களாம், பாதரசத்தைக் குடுத்தாங்களாம். பொழைச்சவன் மருந்தால பொழைச்சான், செத்தவன் லேட்டா வந்ததால செத்தான்னு எழுதிக்கிட்டாங்களாம். அப்புறம் ஒரு கப்பல் டாக்டர், ஈறு அழுகின மாலுமிகளை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு, ஜோடிக்கு ஒண்ணா குடுத்துப் பார்த்தப்பதான் ஆரஞ்சு தின்ன ஜோடி எழுந்து நடந்தது தெரிஞ்சுதாம். தலையாட்டினேன். புரிஞ்சுது. புரிஞ்சதோட நிறுத்தியிருக்கணும்.

ரெண்டாவது நாளே ஆளில்லாத நேரமாப் பார்த்து ரெண்டையும் நாக்குல வச்சுப் பார்த்தேன். நீலம் இனிப்பு. சிவப்பு, அப்பப்பா, காது வரைக்கும் கசப்பு. கசக்கிறதுதானே மருந்து? அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் வந்து நின்னார். மனுஷன் இருமுறதுல ஜன்னல் கம்பி அதிருது. சட்டைக்குப் பட்டன் வைக்க உட்கார்ந்தா ஊசி விரல்ல ஏறுதுன்னு விரலைக் காட்டினார். மேல இருந்த உறையை ட்யூப்லைட்ல காட்டினேன். நீலமாத் தெரிஞ்சுது. மனசு கேக்கலை. அதை அடியில சொருகிட்டு அடுத்ததைப் பார்த்தேன், சிவப்பு, கிழிச்சுக் குடுத்துட்டேன். அவருக்குப் பின்னால பேங்க்காரர், மரியாதைக்கு ரெண்டு தடவை இருமினார். அவருக்கு நீலம் போதும். சர்வீஸ்ல ஒருத்தர் உறையைக்கூட வெளிச்சத்துல காட்டாதவன், ஏழு மாசமா வேற வேலையே பார்க்கலை.

போன வாரம் சாப்பிடும்போது சொன்னீங்களே, "நீலக்காரங்க குணமாயிட்டாங்க மாமா, சிவப்புக்காரங்க இன்னும் இருமிக்கிட்டு இருக்காங்க. நீலம்தான் மருந்தா இருக்கணும்"னு. பாதிச் சோத்தோட எழுந்து கை கழுவிட்டேன். நீலக்காரங்க பச்சைத்தண்ணி குடிச்சிருந்தாலும் குணமாகியிருப்பாங்க. அவங்களுக்கு வியாதியே இல்லையே! மோசமா இருந்தவங்களையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி நான்தானே சிவப்புல தள்ளினேன். திங்கட்கிழமை எதுல மருந்துங்கிற ரகசியத்தைப் பிரிக்கும்போது சிவப்புதான் மருந்துன்னு வந்தா, நல்ல மருந்தைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. நீலம்னு வந்தா, வேலை செய்யுதா இல்லையான்னு யாருக்குமே தெரியாத ஒண்ணை ஊரே வாங்கிக் குடிக்கும். எப்படிப் பார்த்தாலும் தலைகுனியப்போறது நீங்க, வீணாப்போறது உங்க மூணு வருஷ உழைப்பு. நினைச்சாலே பயமா இருக்கு மாப்பிள்ளை. தயவுசெஞ்சு திங்கட்கிழமை போகாதீங்க. என்னை எடுத்துட்டு, முதல்ல இருந்து ஆரம்பிங்க. என் மககிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. "அப்பாவை நம்பலாம்"னு சிபாரிசு பண்ணினதே அவதான்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, குறிப்பாக இருமலின்றி, நூறாண்டு வாழ வேண்டும். உங்கள் தாயாருக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
முகத்தைக் காட்ட முடியாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போற நேரத்துல சம்பந்தியம்மா ஜன்னல்ல வந்து நிக்கிறாங்க. உங்க அம்மாவுக்குப் பத்து நாளா இருமலாமே! கையில உங்க எழுத்துல ஒரு துண்டுச் சீட்டு: "மாமா, வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். அம்மாவுக்கு நல்ல பாட்டிலாப் பார்த்துக் குடுங்க." அட, மாப்பிள்ளை! இதைத்தானே நானும் ஏழு மாசமாப் பண்ணினேன்? கொஞ்ச நேரம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அப்புறம் ரெண்டு பாட்டிலையும் கையில எடுத்தேன். நல்ல பாட்டில் எது? உங்க கணக்கைக் கேட்டா நீலம். அந்தக் கணக்கு நான் கெடுத்தது. என் நாக்கைக் கேட்டா சிவப்பு. அதுக்கு என்ன தெரியும்? அம்மா இருமிக்கிட்டே என் முகத்தையே பார்க்கிறாங்க. வேற வழி தெரியாம, ஏழு மாசத்துல முதல் தடவையா, வெளிச்சத்துல காட்டாம, மேல இருந்த உறையை அப்படியே கிழிச்சு, வந்ததைக் குடுத்துட்டேன். அது மருந்தா தண்ணியான்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்க ஆராய்ச்சி இப்பதான் ஆரம்பிச்சிருக்கு மாப்பிள்ளை.