உறுதுணை

வரலாற்றில் பெண்கள் ஆற்றிய தொண்டைக் கொண்டாடுவது என்று சிறுவர் நூல் அலுவலகம் ஏகமனதாக முடிவு செய்தது. முடிவு செய்த கூட்டத்தில் பெண்கள் யாரும் இல்லை. அதனால் ஏகமனது சுலபமாகக் கிடைத்தது. அலுவலகமே சட்டையில் இளஞ்சிவப்பு வில்லையைக் குத்திக்கொண்டது. நூலை எழுதும் வேலை மட்டும், அங்கே எழுதத் தெரிந்த ஒரே ஆளான எழுத்தாளர் அம்மாளின் தலையில் விழுந்தது.

அவளுக்கு அதில் மகிழ்ச்சிதான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருநாள், "ஏம்மா, வரலாறு நடந்தப்ப பொம்பளைங்க எல்லாம் லீவுல இருந்தாங்களா?" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி அவள் மனதில் முள்ளாய்த் தைத்திருந்தது. அதனால் முதல் பாடமாக, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஆற்றின்மேல் நிற்கும் பாலத்தைக் கட்டிய பொறியாளரைப் பற்றி எழுதினாள். "இந்தப் பாலத்தை அவள் கட்டினாள்" என்று முடித்தாள். மகளுக்காகவே எழுதிய வரி அது.

தினமும் அந்தப் பாலத்தின்மேல் காரில் வந்துபோகும் இயக்குநர், அந்த வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டினாள்னு மொட்டையா இருக்கேம்மா. கொஞ்சம் மரியாதை சேரட்டும்."

"கட்டினார்னு மாத்திடறேன் சார்."

"அது போதாது. 'கட்டுவதற்கு உறுதுணையாக இருந்தார்.' எவ்வளவு கம்பீரமா இருக்கு பாருங்க!"

"யாருக்கு சார் உறுதுணை?"

"கணவருக்கு."

"அவங்க கல்யாணமே பண்ணிக்கல."

"அப்போ அப்பாவுக்கு."

"இவங்க குழந்தையா இருக்கும்போதே அவர் தவறிட்டார்."

செத்துப்போன அந்தப் பொறியாளர் வேண்டுமென்றே ஒத்துழைக்க மறுப்பதாக இயக்குநருக்குப் பட்டது. "அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர்... யாராவது ஒருத்தர் இருந்திருப்பாரே!"

பிழை திருத்துபவர் உடனே முட்டுக்கொடுத்தார். "பாலத்துக்கே உறுதுணைன்னு போட்டுடலாம் சார். பாலம் வந்து இல்லைன்னு சொல்லப் போறதில்ல."

அப்படியே அச்சாயிற்று. அதோடு விட்டார்களா? மருந்து கண்டுபிடித்தவள் மருந்துக்கு உறுதுணை. விமானம் ஓட்டியவள் விமானத்துக்கு உறுதுணை. அட்டையில் பெரிதாக இயக்குநரின் பெயர். எழுதியவளின் பெயர் உள்ளே பொடி எழுத்தில், 'உறுதுணை' என்ற தலைப்பின் கீழ்.

மகள் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு படம் வரைந்தாள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் நின்று, இரண்டு கையாலும் பாலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு கார் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, இவங்க கையை எடுத்துட்டா என்ன ஆகும்?"

 

வெளியீட்டு விழா வந்தது. மேடை நிறையப் பெரிய மனிதர்கள். அவர்கள் தலைக்குமேல் "பெண்மையைப் போற்றுவோம்" என்ற துணிப் பதாகை. இயக்குநர் பேச எழுந்த நேரம் பார்த்து அதன் கயிறு அவிழ்ந்தது.

"கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா," என்றார்கள். அவள் பின்னால் ஸ்டூல்மேல் ஏறிப் பிடித்துக்கொண்டாள். பேச்சு நீண்டுகொண்டே போனது. கை கடுத்தது.

"பெண்கள் இல்லாவிட்டால் இங்கே எதுவுமே நிற்காது!" என்று இயக்குநர் முழங்கினார்.

முன்வரிசையில் மகள், பேச்சை விட்டுவிட்டு, அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை எடுத்தாள்.

பெண்மை பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் போர்வையாக மூடியது. விழாவுக்கு வந்திருந்த பிள்ளைகள் மனமாரக் கைதட்டியது அப்போதுதான்.

மறுநாள் மேசைமேல் மெமோ காத்திருந்தது. "மேற்படி பதாகையை, எவருடைய உதவியுமின்றி, தாங்கள் ஒருவரே தனித்து வீழ்த்தியுள்ளீர்கள். விளக்கம் தேவை." ஒரு பெண் ஒரு காரியத்தைத் தானே செய்தாள் என்று அந்த அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அலுவலக நடையிலேயே பதில் எழுதினாள்: "பதாகையை நான்தான் விட்டேன். இயக்குநர் அவர்களும் மேடையில் வீற்றிருந்த பெரியோர்களும் உறுதுணையாக இருந்தார்கள்."

இயக்குநர் அதைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கே வந்துவிட்டார். முகம் வில்லையின் நிறத்துக்கு வந்திருந்தது.

"விழாவையே நடத்தினவன் நான். என்னைப் போய் உறுதுணைன்னு எழுதறீங்களே, இது எவ்வளவு பெரிய அவமானம்!"

"ஐயோ, அப்படியா சார்?" என்றாள் அவள். "கொஞ்சம் மரியாதை சேரட்டும்னுதான் போட்டேன்."