பெரம்பலூர் பிளாட்பாரத்தில் ஒருத்தி

பெரம்பலூர் ரயில் நிலையத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

இதற்குப் போய் ஒரு மனிதன் வியர்த்துக் கொட்டுவானா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. நிலையமும் கிடையாது. அந்த நிலையம் இருந்தது சாமிதுரையின் மாடி அறையில், பிளைவுட் மேசைமேல், ஜன்னலை ஒட்டி. கட்டியவர் சாமிதுரைதான். அந்தப் பிளாட்பாரத்தில் அவர் ஒரு பொம்மை ஆளைக்கூட வைக்கவில்லை.

மேசையின் மறுகோடியில் அரியலூர் நிலையம். அங்கே டீ விற்பவர், போர்ட்டர், பெட்டிமேல் உட்கார்ந்து சண்டை போடும் குடும்பம் எல்லாரும் உண்டு. நிஜ அரியலூரிலும் ரயில் நிற்கிறது, ஆட்கள் இருப்பார்கள். ஆனால் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு வரும் பாதை அவருடைய சொந்தக் கனவு. சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்து ஓய்வு பெற்றதிலிருந்து, யாரும் போடாத அந்தத் தண்டவாளத்தை மனிதர் ஒற்றை ஆளாகப் போட்டுக்கொண்டிருந்தார். வராத ரயிலுக்கு யார் காத்திருப்பார்கள்? அதனால் பெரம்பலூர் பிளாட்பாரத்தைக் காலியாக விட்டிருந்தார். அவ்வளவு நேர்மை.

இப்போது ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கட்டைவிரல் உயரம், களிமண் உடம்பு, சுற்றிய மஞ்சள் துணி, மடியில் சின்ன மூட்டை. முகத்தில் கண் இல்லை, வாய் இல்லை. நெற்றியில் மட்டும் சிவப்பாக ஏதோ கசிந்திருந்தது.

உச்சிவெயில். தெருவில் ஒரு சத்தம் இல்லை. அறைக்குள் லேசாகக் கற்பூர வாசனை வேறு.

"அம்சா! மாடிக்கு யாரு வந்தது?"

"யாரு வர்றா? எனக்குத்தான் மூட்டு வலியாச்சே." கீழேயிருந்து அம்சவள்ளியின் குரல் வந்தது. "நீங்க எறங்கி வாங்க, சோறு ஆறுது."

"இங்கயே அனுப்பு."

"செல்வி போன் பண்ணுனா. எப்ப வர்றீங்கன்னு கேக்குறா. பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாளாம்."

"சிக்னல் வேல முடியட்டும், போவலாம்."

மகள் வெற்றிச்செல்வி தாம்பரத்தில் இருக்கிறாள். அரியலூரில் ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் பேத்தியைத் தூக்கிவிடலாம். பேத்தி குப்புற விழுந்தபோதும் சிக்னல் முடியவில்லை, தவழ்ந்தபோதும் முடியவில்லை. அம்சவள்ளி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வேலைக்காரி வீராயியிடம் தட்டைக் கொடுத்தனுப்பினாள்.

சாமிதுரை அந்தப் பெண்ணை எடுத்து அரியலூர் பிளாட்பாரத்தில் வைத்தார். போகிறவள் அங்கேயிருந்து போகட்டும் என்று ஒரு நல்லெண்ணம்தான்.

மறுநாள் காலை பிளாட்பார பெஞ்சுக்கு என்ன நிறம் என்று பார்க்க பஸ் பிடித்து அரியலூர் போனார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், அவள் பழையபடி பெரம்பலூரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நீலக்கோடு போட்ட சட்டையும் கையில் சூட்கேஸுமாக ஒருவன். அவனுக்கும் கண் இல்லை. அவன் நெற்றியிலும் சிவப்பு.

 சாமிதுரை கடைக்கு ஓடிப்போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்து அறையைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அடுத்த முறை அரியலூர் போய் வந்து பார்த்தபோது பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே பிளாட்பாரத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லாரும் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்து இறங்கியவர்கள்போல வரிசையாக நின்று, அரியலூர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி தாங்காது என்று ஆலையில் கூட வேலை பார்த்த கலைமணியைக் கூட்டி வந்தார். கலைமணிக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெரியாவிட்டால் அங்கேயே உண்டாக்கிக்கொள்வார்.

கலைமணி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"சாமி, நம்மூர்ல எத்தன பேரு ரயிலு வருது, ரயிலு வருதுன்னு சொல்லிக்கிட்டே செத்துப் போனாங்க?"

"அதுக்கு?"

"அவங்கதான்யா இவங்க. ஊருக்கு ஸ்டேஷன் வந்துருச்சுன்னு கேள்விப்பட்டு வந்துட்டாங்க. கற்பூர வாசன அடிக்குது பாரு."

"இப்ப என்னய்யா பண்றது?"

"என்னயக் கேட்டா? ரயிலு விட்டது நீ. ஏத்தி அனுப்பிவுடு."

அதுவும் சரிதான் என்று பட்டது. சாமிதுரை பெட்டிகளின் கூரையைக் கழற்றி, ஒவ்வொருவராக உள்ளே உட்கார வைத்தார். மஞ்சள் துணிக்காரிக்கு ஜன்னல் சீட்டு கொடுத்தார். ஸ்விட்சைப் போட்டதும் ரயில் வயல் தாண்டி, சுண்ணாம்புக்கல் சுரங்கம் தாண்டி, அரியலூர் போய் நின்றது. எல்லாரையும் இறக்கிவிட்டுக் காலி வண்டியைப் பெரம்பலூருக்குக் கொண்டு வந்தார். மனசு லேசானது. அன்றைக்குக் கீழே இறங்கியே சாப்பிட்டிருப்பார், ஆனால் ஒரு சிக்னல் எரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் எதிர்வீட்டு வாசலில் கார் நின்றது. ஜெயசீலன் வெளியே வந்தான். துபாய்க்கு விசா வரும் வரும் என்று எத்தனையோ காலமாகக் காத்துக் கிடந்தவன். நீலக்கோடு போட்ட சட்டை. கையில் சூட்கேஸ்.

"சார், போயிட்டு வரேன்! நேத்து சாயந்தரம்தான் விசா வந்துச்சு!"

சாமிதுரை சட்டையைப் பார்த்தார், சூட்கேஸைப் பார்த்தார்.

"இட்லிக்கடை அம்மாக்கண்ணுவும் கெளம்பிருச்சு சார்," என்றாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வீராயி. "பேசாமயே இருந்த மவன் சென்னையிலேருந்து வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"என்ன பொடவ கட்டியிருந்துச்சு?"

"மஞ்சப் பொடவ. ஏன் சார்?"

சாமிதுரை கலைமணிக்குப் போன் போட்டார். சட்டை, புடவை எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அவங்க செத்தவங்க இல்ல சாமி. போவப் போறவங்க. அந்த வண்டில ஏறுனா ஊர்ல இருக்க முடியாது போல. நான் இனிமே உன் வூட்டுப் பக்கமே வர மாட்டேன். தப்பா எடுத்துக்காத."

அன்று எரியாத சிக்னலுக்குப் பல்பு வாங்க அரியலூர் போய்விட்டு, உச்சிப்பொழுதில் வந்து சாமிதுரை கதவைத் திறந்தார். பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. கூட்டம் தண்டவாளம் வரை வழிந்திருந்தது. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. காலியாக நிறுத்திவிட்டுப் போன ரயிலில், முதல் பெட்டிக் கூரை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. விரலால் நெம்பினார்.

உள்ளே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவருடையதைப் போலவே வழுக்கைத் தலை. மெல்லிய கம்பியில் வளைத்த மூக்குக்கண்ணாடி. உடம்பில் சாம்பல் கட்டம் போட்ட சட்டை. காணோம் என்று அவர் போன மாதமெல்லாம் தேடிய அவருடைய சட்டையின் அதே துணி. நெற்றியில் சிவப்பு ஈரமாக இருந்தது.

மற்றவர்களெல்லாம் பிளாட்பாரத்தில்தான் நிற்கிறார்கள். அவர் ஏற்கெனவே வண்டி ஏறிவிட்டார்.

எங்கே போகிறார்? துபாய்க்குப் போகிற வயசில்லை. சர்க்கரை இருக்கிறது, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, இடது கையில் அவ்வப்போது ஒரு குடைச்சல் இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு திடீரென்று கிளம்புகிறவன் எந்த ஊருக்குக் கிளம்புவான் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊருக்கு ரிட்டர்ன் டிக்கெட் தருவதில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தார். பேத்தியின் முகத்தை நினைத்துப் பார்த்தார், சரியாக நினைவுக்கு வரவில்லை. போனில் பார்த்த முகம்தானே. அதுவும் சாலிடரிங் பண்ணிக்கொண்டே பார்த்தது. அம்சாவோடு கடைசியாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று யோசித்தார், அதுவும் கிடைக்கவில்லை.

பொம்மையை வெளியே எடுக்கக் கை வரவில்லை. எடுத்து, அது கீழே விழுந்து உடைந்தால்? ரயிலை அப்படியே விட்டால், அது தானாக நகர்ந்தால்? ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் நம்பிக்கை இல்லை. பாதையே இல்லாவிட்டால் வண்டி எப்படிப் போகும் என்று கட்டிங் பிளேயரை எடுத்துப் பெரம்பலூர் தண்டவாளத்தில் வைத்து அழுத்தினார்.

"அய்யோ சார்! கைய எடுங்க! எம்மவ நிக்கிறா அங்க!"

சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் வீராயி நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"உன் மவளா?"

"அந்தப் பச்சத் துணி. திருப்பூர்ல கம்பெனி வேலைக்கி எழுதிப் போட்டிருக்கு சார், கூப்புட மாட்டேங்குறான். இன்னைக்கி நீங்க ஏத்திவுட்டுருவீங்கன்னு காலையிலதான் வச்சேன்."

"இதெல்லாம் நீ வச்சதா?"

"நான் மட்டுமா, தெருவே வச்சிச்சு." வீராயி மூச்சு வாங்கினாள். "அய்யனார் கோயில்ல வேண்டிக்கிட்டு மண் பொம்ம வக்கிறோம்ல சார், அந்த மாதிரிதான். ரயிலே இல்லாத ஊருக்கு ரயிலு வந்திருக்கு, இதுல சத்தியம் இல்லாமயா போவும்னு அம்மாக்கண்ணுக்கு நான்தான் யோசன சொன்னேன். நீங்க அரியலூரு போற நேரம் பாத்து வெளிப்பக்கப் படிக்கட்டு வழியா வந்து, ஜன்னல்ல கைய வுட்டு வச்சி, குங்குமம் வச்சி, சூடம் காட்டிட்டுப் போவோம். நீங்களும் உங்க கையாலயே ஏத்திவுட்டீங்க. மறுநாளே பலிச்சிருச்சு. அதான் இம்புட்டுக் கூட்டம்."

சாமிதுரை பிளேயரைக் கீழே போட்டார். சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. முதல் பெட்டியை நோக்கி விரலை நீட்டினார்.

"அப்ப இது யாரு வச்சது? நான் எங்கயும் போவணும்னு யாருகிட்டயும் சொல்லலியே?"

வீராயி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் குரல் தாழ்ந்தது.

"அது அம்சாக்கா வச்சது சார். நாங்கல்லாம் ரயில்ல ஏத்திவுடுன்னு வேண்டிக்கிட்டோம். அக்கா ஒருத்திதான், அந்த மூட்டு வலியோட மாடி ஏறி வந்து, உங்கள எறக்கிவுடுன்னு வேண்டிக்கிட்டாங்க."